டர்கிஷ் டிலைட் என்கிற லோகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்தான்புல் போய்வந்த யாராவது அலுவலகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து வைப்பார்கள். மேலே வெள்ளைப் பொடி, உள்ளே மெத்தென்ற இளஞ்சிவப்பு இனிப்புச் சதுரங்கள். ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டதும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். மீதிப் பேர் தண்ணீர் தேடுவார்கள். நான் தண்ணீர் தேடியவர்களில் ஒருவன். பிறகு நல்ல லோகும் ஒன்றைத் தின்று மனம் மாறினேன். அன்றிலிருந்து நண்பர்கள் கேட்டுவரும் கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும்தான் இவை.

இதன் உண்மையான பெயர் என்ன?

துருக்கியில் ‘லோகும்’. ‘டர்கிஷ் டிலைட்’ என்பது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வைத்த பெயர். அதற்கு முன்னால் ‘லம்ப்ஸ் ஆஃப் டிலைட்’, அதாவது ஆனந்தக் கட்டிகள், என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துருக்கியை முன்பு ஆண்ட உதுமானியர் காலத்து முழுப்பெயர் ‘ராஹத் உல் ஹுல்கூம்’. அரபு மொழியில் ராஹத் என்றால் இதம், ஹுல்கூம் என்றால் தொண்டை. தொண்டைக்கு இதமானது! அது ‘ராஹத் லோகும்’ ஆகி, பின்னர் வெறும் லோகும் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கவளம் என்று பொருள்படும் ‘லுக்மா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்குக் கவளத்தைவிடத் தொண்டைதான் பிடித்திருக்கிறது.

பால்கன் நாடுகளுக்குப் போனபோது பெயர் ஆளுக்கொரு பாதியாகப் பிரிந்தது. கிரேக்கர்கள் பின்பாதியை எடுத்து ‘லுகூமி’ என்றார்கள். ருமேனியர்கள் முன்பாதியை எடுத்து ‘ரஹாத்’ என்றார்கள். ஆனால் ருமேனிய மொழியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது: மலம். ஆகவே புக்காரெஸ்டில் கடைக்காரரிடம் கேட்கும்போது முகபாவத்தில் கவனம் தேவை.

எனக்குச் சோப்பைத் தின்றது போல இருந்ததே, ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். காரணம் ரோஜா. நம்மைப் பொறுத்தவரை ரோஜா மணம் என்றால் சோப்பு, ஊதுபத்தி, கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர். ரோஜாவை நாக்கில் வைத்துப் பழக்கம் குறைவு. ரோஸ் மில்க்கும் குல்கந்தும்தான் விலக்கு. அதோடு, மலிவான பெட்டிகளில் ரோஜாநீருக்குப் பதிலாகச் செயற்கை வாசனைத் திரவம் தாராளமாக ஊற்றப்பட்டிருக்கும். நான் முதலில் வாங்கியது ஒரு விமான நிலையக் கடையில். பெட்டியைத் திறந்ததும் அறையே மணத்தது. அதுவே கெட்ட அறிகுறி என்று அப்போது தெரியவில்லை.

நல்ல ரோஜா லோகும் மூக்குக்கு அருகில் கொண்டுபோனால்கூட அதிகம் மணக்காது. மென்று விழுங்கிய பிறகு தொண்டையின் பின்புறத்திலிருந்து மணம் மெல்ல ஏறும். பெயரில் தொண்டையை வைத்தவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

அப்படியானால் என்னென்ன சுவைகள் உண்டு? எதில் தொடங்கலாம்?

ரோஜாவிலிருந்தே தொடங்குகிறேன். ரோஜா லோகும் துருக்கியில் ‘குல்லு’. குல்கந்தில் இருக்கும் அதே ‘குல்’தான், பாரசீகத்திலிருந்து அங்கும் இங்கும் போனது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் தென்மேற்கில் உள்ள இஸ்பார்த்தா மாவட்டம் ரோஜா எண்ணெய்க்கும் பன்னீருக்கும் பெயர்பெற்றது. மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் பூப் பறிக்கிறார்கள், வெயில் ஏறினால் மணம் ஆவியாகிவிடும் என்பதால்.

ரோஜா ஒத்துவராதவர்களுக்கு எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமொட். எர்ல் கிரே தேநீரில் வருகிற வாசனை, எலுமிச்சை இனப் பழமான பெர்கமொட்டுடையது. லேசான கசப்பு உண்டு. லோகுமின் தித்திப்பை அது நன்றாக அடக்குகிறது. புதினாவும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பற்பசை நினைவு வரும்.

அடுத்தது மஸ்திக். துருக்கியில் ‘சகிஸ்’. ஏஜியன் கடலில் உள்ள கியோஸ் தீவின் தென்பகுதியில் வளரும் ஒரு குட்டை மரத்தின் பட்டையைக் கீறினால் கண்ணீர்த்துளி போல வடிந்து உறையும் பிசின் இது. அந்தச் சாகுபடி முறையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்குதான். பைன் மரமும் சோம்பும் சேர்ந்தது போன்ற, வாயைக் குளிரவைக்கும் சுவை. முதல் துண்டு குழப்பும். மூன்றாவது துண்டில் பிடிபட்டுவிடும். என்னிடம் ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் மஸ்திக் போட்ட வெள்ளை லோகுமைத்தான் எடுப்பேன்.

கொட்டை வகைகள் தனி உலகம். காஸியான்டெப் பக்கத்துப் பிஸ்தா, கருங்கடல் கரையின் ஹேசல்நட், பிறகு அக்ரூட். பிஸ்தாவில் ‘சிஃப்தே காவுருல்முஷ்’ என்று ஒரு வகை உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இரண்டு முறை வறுத்தது’. நடைமுறையில், சாதாரண லோகுமைவிட நீண்ட நேரம் காய்ச்சி இறுக்கி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியது. மென்றால் எதிர்த்து நிற்கும். முதல்முறை சாப்பிடுகிறவருக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். பிஸ்தாவின் எண்ணெய்ச்சுவை சர்க்கரையைச் சமன்செய்துவிடும். ‘சோப்பு’ என்ற பேச்சே எழாது.

சஃப்ரான்போலு ஊரில் குங்குமப்பூ போட்ட மஞ்சள் லோகும் கிடைக்கும். ஊரின் பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. உதுமானியர் காலத்து மரவீடுகளுக்காக 1994இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. அஃப்யோன்கராஹிசாரில் கதையே வேறு: எருமைப்பால் ஏட்டை, சுருட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக்கி, அதைச் சுற்றி லோகுமைப் போர்த்துகிறார்கள். ‘கைமாக்லி’ என்று பெயர். சில நாட்களுக்குமேல் தாங்காது என்பதால் அந்த ஊருக்குப் போய்த்தான் ஒழுங்காகச் சாப்பிட முடியும்.

வெளியே தேங்காய்த் துருவல் புரட்டியதும் உண்டு. துருக்கியர்கள் தேங்காயை ‘ஹிந்திஸ்தான் ஜெவிஸி’ என்கிறார்கள்: இந்தியாவின் அக்ரூட்! தென்னந்தோப்புக்காரர்களான நமக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

மாதுளை, சாக்லேட், கிவி, பூவிதழ் ஒட்டிய உருளைகள் எல்லாம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்காக. பிஸ்தா நிறைந்த மாதுளை உருளை விதிவிலக்கு. அது நன்றாகவே இருக்கும், விலையும் அப்படியே.

எப்படிச் செய்கிறார்கள்? பொருட்கள் என்ன?

சர்க்கரை, தண்ணீர், மாவுச்சத்து, கொஞ்சம் புளிப்பு. அவ்வளவுதான். புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமோ கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடியோ போடுவார்கள். சிட்ரிக் அமிலத்தைத் துருக்கியர்கள் ‘எலுமிச்சை உப்பு’ என்பார்கள். இந்தத் துளிப் புளிப்பு இல்லாவிட்டால் லோகுமே இல்லை. சூட்டில் அது சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். பாகு மறுபடியும் சர்க்கரையாகப் பூத்துப்போகாமல் இருப்பது அதனால்தான். பாகில் எலுமிச்சைச் சாறு பிழியும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான்.

மாவுச்சத்தைக் கரைத்து ஊற்றிய பிறகு கை ஓயக்கூடாது. மணிக்கணக்கில், அடி பிடிக்காமல், அகன்ற பாத்திரத்தில் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு வெந்து கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் வாசனையும் கொட்டையும் சேர்த்து, மாவுச்சத்துத் தூவிய மரத்தட்டுகளில் கொட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒரு நாள் ஆறவிட்டு வெட்டி, பொடித்த சர்க்கரையும் மாவுச்சத்தும் கலந்த பொடியில் புரட்டுகிறார்கள். அந்த வெள்ளைப் பொடி அழகுக்காகப் போட்டதன்று. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க.

ஜெலட்டின் சேர்ப்பதுண்டா? சைவர்கள் சாப்பிடலாமா?

மரபான லோகுமில் ஜெலட்டின் கிடையாது; உறையவைப்பது மாவுச்சத்து மட்டுமே. மேற்கு நாடுகளில் ‘டர்கிஷ் டிலைட்’ என்ற பெயரில் விற்கும் சில மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கக்கூடும். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பார்த்தால் நம் அல்வா போலத்தானே இருக்கிறது?

பம்பாய் அல்வாவோடு ஒப்பிட்டால் ஒத்துக்கொள்கிறேன். சோள மாவை வைத்துச் செய்யும் அந்த ரப்பர் அல்வா லோகுமுக்கு மிக நெருங்கிய சாதி. திருநெல்வேலி அல்வாவும் கோதுமையின் மாவுப்பாலைச் சர்க்கரையோடு கிளறுவதுதான். ஆனால் அங்கே ராஜ்ஜியம் நெய்யுடையது. லோகுமில் துளி நெய் இல்லை, எண்ணெய் இல்லை. அதனால்தான் விரலில் பிசுக்கு ஒட்டாது. வாசனைப் பொருள் எதைப் போட்டாலும் மறைக்க ஆளில்லாமல் அப்பட்டமாகத் தெரியும். நல்ல ரோஜாவோ கெட்ட ரோஜாவோ, ஒளிய இடமில்லை.

அல்வா என்ற சொல்லின் துருக்கி உறவு ‘ஹெல்வா’. அங்கே அது முற்றிலும் வேறு பண்டம், வேறு சந்தர்ப்பம். கீழே சொல்கிறேன்.

யார் கண்டுபிடித்தது?

ஒரு கதை உண்டு. கெட்டி மிட்டாயைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட ஒரு சுல்தான், மென்மையான மிட்டாய் வேண்டும் என்று கத்தினாராம். அரண்மனையில் லோகும் பிறந்ததாம். எந்த நாட்டு இனிப்புக்கும் இப்படி ஒரு ராஜா கதை கிடைக்கும். நம்புவது உங்கள் விருப்பம்.

பெயரும் கடையும் உள்ள மனிதர் ஹாஜி பெகிர். கருங்கடல் பக்கத்துக் கஸ்தமோனுவிலிருந்து இஸ்தான்புல் வந்த பெகிர் எஃபெந்தி, 1777இல் எமினோனு அருகே பஹ்செகாப்பியில் மிட்டாய்க் கடை திறந்தார். மக்காவுக்குப் போய்வந்த பிறகு ‘ஹாஜி’ ஆனார். அரண்மனையின் தலைமை மிட்டாய்க்காரர் பதவியும் கிடைத்தது. அந்தக் கடை இன்றும் இருக்கிறது. தேனும் திராட்சைப் பாகும் கோதுமை மாவும் வைத்துச் செய்த பழைய இனிப்பை, சுத்திகரித்த சர்க்கரைக்கும் மாவுச்சத்துக்கும் மாற்றி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பெருமையை அவருக்குத் தருவது வழக்கம். அரபு, பாரசீக நாடுகளில் இதன் மூத்த உறவினர்கள் இருந்ததால், ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட ‘பேர்வாங்கிக் கொடுத்தார்’ என்பது பொருந்தும்.

காபியோடு ஏன் வைக்கிறார்கள்?

துருக்கிய காபியைச் சர்க்கரையே இல்லாமல் குடிப்பவர்கள் அங்கே ஏராளம். வண்டல் அடியில் தங்கும் அந்தச் சின்னக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துண்டு லோகுமும் வரும். தண்ணீர் வாயைச் சுத்தமாக்க. லோகும் கசப்புக்கு மாற்று. முதலில் எது, பிறகு எது என்று ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். போஸ்னியாவின் சரயேவோவிலும் இதே வழக்கம். அங்கே துண்டில் ஒரு பல்குச்சியைச் செருகியிருப்பார்கள். நான் பாதித் துண்டைக் காபிக்கு முன்னாலும் மீதியைக் கடைசி வாய்க்குப் பின்னாலும் வைத்துக்கொள்கிறேன். துருக்கிய நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார்.

பண்டிகைகளில் இதற்கு என்ன இடம்?

நோன்பு முடிந்து வரும் ரமலான் பெருநாளைத் துருக்கியில் ‘ஷெகெர் பைராமி’ என்றும் சொல்வார்கள்: சர்க்கரைப் பண்டிகை. பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். பெரியவர்களின் வலக்கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். பெரியவர் மிட்டாயோ காசோ தருவார். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு முதலில் உள்ளங்கையில் ‘கொலோன்யா’ என்ற எலுமிச்சை வாசனைத் திரவம், பிறகு லோகும் தட்டு. பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டும் வைத்து வரவேற்கும் நமக்கு அந்த வாசலில் அந்நியம் தோன்றாது.

தட்டை நீட்டும்போது ஒரு பழமொழி சொல்வார்கள்: ‘இனிப்புச் சாப்பிடுவோம், இனிமையாகப் பேசுவோம்.’ பெண் கேட்டுப் போகும் வீட்டில், சண்டைக்குப் பிறகு சமாதானத்துக்கு உட்காரும் இடத்தில், புது அண்டை வீட்டாரைப் பார்க்கப் போகையில் என்று எங்கும் கேட்கலாம். பெண் கேட்கப் போகும்போது இப்போது சாக்லேட் பெட்டிதான் முந்திக்கொண்டுவிட்டது.

லோகும் சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பு வகையில் சேராது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பக்லாவாவும் பால் இனிப்புகளும் இருக்கின்றன. லோகும் பேச்சு தொடங்குவதற்கான பண்டம். நம் வெற்றிலைத் தட்டுப் போல, எடுக்காமல் மறுத்தால் கொடுத்தவரின் முகம் வாடும். வேண்டாம் என்றாலும் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டிலும் தருவார்களா?

தருவார்கள். இறப்பு வீட்டுக்குரிய இனிப்பு முதன்மையாக ஹெல்வா. இறந்தவரின் நினைவாக ரவையையோ மாவையோ வெண்ணெயில் வறுத்துக் கிளறிப் பகிர்வார்கள். லோகும் இரண்டு சாதாரண பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்திய வடிவில் வரும். நபிகளாரைப் புகழ்ந்து பாடும் மவ்லிது ஓதும் நாட்களிலும் இறந்தவருக்காகப் பிரார்த்திக்கும் நாட்களிலும் பல ஊர்களில் இதை வந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மவ்லிது சபைகளில் பன்னீர் தெளிப்பதும் உண்டு. நபிகளாரின் நினைவோடு ரோஜாவை இணைத்துப் பார்ப்பது துருக்கிய மரபு. மவ்லிது முடிந்து பகிரும் தின்பண்டமான நார்சாவை வாங்கி வளர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது புதிதாக இராது.

பிஸ்கட் லோகும் துருக்கியர்கள் பலருக்குப் பிள்ளைப்பிராயத் தின்பண்டமும்கூட. ஒரே பண்டம் பள்ளிக்கூட நினைவாகவும் பாட்டியின் நாற்பதாம் நாளாகவும் இருப்பதைப் பற்றி அவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

‘லோகும் போல’ என்று ஒரு சொல்வழக்கு இருக்கிறதாமே?

இருக்கிறது. இறைச்சி பஞ்சாக வெந்திருந்தால் ‘லோகும் கிபி’, லோகும் மாதிரி, என்பார்கள். அழகான ஆளைப் பற்றியும் சொல்வார்கள். புதிதாகப் பேசிப் பழகுகிறவர்கள் இதை இறைச்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நார்னியா கதையில் ஒரு பையன் இதற்காக உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறானே, அவ்வளவு ருசியா?

பலருக்கு இந்த இனிப்பு அறிமுகமானதே அந்தக் கதையில்தான். 2005இல் திரைப்படம் வந்தபோது தேடிப்போய் வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. சி. எஸ். லூயிஸ் அந்த நூலை வெளியிட்டது 1950இல். கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். பிரிட்டனில் மிட்டாய்க்கு 1942 முதல் 1953 வரை ரேஷன் இருந்தது. அளந்து அளந்து மிட்டாய் தின்ற பிள்ளைகள் வாசித்த கதை அது. ஒரு பெட்டி நிறைய லோகும் என்பது அவர்களுக்குப் பொற்குவியல். அந்தப் பையன் எட்மண்டின் துரோகத்தை நாம் நாக்கை வைத்து அளந்தால் விளங்காது, ரேஷன் அட்டையை வைத்து அளக்க வேண்டும்.

பிரிட்டனில் 1914 முதல் ‘ஃப்ரைஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டுவரும் சாக்லேட் போர்த்திய பட்டையும் ‘டர்கிஷ் டிலைட்’ என்றே அழைக்கப்படுகிறது. அதைத் தின்றுவிட்டு லோகுமைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இது துருக்கியருடையதா, கிரேக்கருடையதா?

கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். சைப்ரஸில் பாஃபோஸ் அருகே உள்ள யெரோஸ்கிப்பு ஊரின் லுகூமிக்கு 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு அளித்தது. துருக்கியில் அது கோபத்தைக் கிளப்பியது. கிரேக்கத்தின் சீரோஸ் தீவும் லுகூமிக்குப் பெயர்போனது. 1822இல் கியோஸ் தீவில் நடந்த படுகொலைக்குத் தப்பி வந்த அகதிகள் அங்கே அந்தத் தொழிலைக் கொண்டுபோனார்கள் என்பார்கள். ஒரே பேரரசின் கீழ் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே சந்தையில் வாங்கித் தின்றவர்கள், பிறகு தனித்தனி நாடுகளாகிப் பெயர்ப்பலகைக்குச் சண்டை போடுகிறார்கள். காபிக்கும் இதே வழக்கு உண்டு.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இஸ்தான்புல்லின் மிஸ்ர் சார்ஷி, அதாவது எகிப்தியச் சந்தை, 1660களிலிருந்து இருக்கிறது. வாசலிலேயே தட்டை நீட்டி ருசி பார்க்கச் சொல்வார்கள். வெட்கப்படாமல் பாருங்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்லத் திரும்பி எழ வேண்டும். பல்லில் ஈஷிக்கொண்டால் அவசரத்தில் காய்ச்சியது. நிறம் வெளிறியிருப்பது நல்லது. ஒளிரும் பச்சையும் அடர் சிவப்பும் சாயத்தின் வேலை. கலவைப் பெட்டி வாங்காதீர்கள், வாசனைகள் ஒன்றோடொன்று கலந்து எல்லாமே ரோஜாவாகிவிடும். இரண்டே வகையைக் கால்கால் கிலோ, கண்முன்னால் நிறுத்து வாங்குவது மேல்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

கைமாக்லி தவிர மற்றவை மூடிய டப்பாவில், வெயில் படாத இடத்தில், சில மாதங்கள்கூட இருக்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து, பொடி கரைந்து கசகசக்கும். சென்னைப் புழுக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அப்படியானால் கொஞ்சம் சோள மாவைத் தூவிப் புரட்டி வையுங்கள்.

சர்க்கரை நோயாளிகள்?

இதில் பெரும்பகுதி சர்க்கரையே, மீதியும் மாவுச்சத்து. மருத்துவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் வெறும் ரோஜா லோகுமிலும் கவனமாக இருக்க வேண்டும். எல்லா வகைக்கும் ஒரே கத்தி, ஒரே பொடித்தட்டு.

வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். நான்கு கப் சர்க்கரை, ஒரு கப் சோள மாவு, நாலரை கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சர்க்கரையோடு ஒன்றரை கப் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து 115 டிகிரி செல்சியஸுக்குப் பாகு காய்ச்சிக்கொள்ளுங்கள். மாவையும் டார்ட்டரையும் மீதித் தண்ணீரில் கரைத்து இன்னொரு பாத்திரத்தில் கூழாக்கி, பாகை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சிறுதீயில் ஒரு மணி நேரமாவது கிளறுங்கள். பொன்னிறம் வந்த பிறகு ஒரு தேக்கரண்டி பன்னீர். சமையலுக்கு உரியதாக இருக்க வேண்டும், கல்யாணத்தில் தெளிக்கும் புட்டியிலிருந்து ஊற்றிவிடாதீர்கள். தட்டில் கொட்டி மறுநாள் வரை தொடாமல் வையுங்கள். என் முதல் முயற்சி நாற்பதாவது நிமிடத்தில் கை வலித்து நிறுத்தியதால் கூழாகவே நின்றுவிட்டது. வீட்டில் அதைக் கரண்டியால் தின்று தீர்த்தார்கள்.